பட்டம் வாங்கிய பிள்ளை வீட்டில் இருந்தால்... உதவிக்கும் ஒரு கணக்கு வேண்டும்!

சென்னை நந்தனம் அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் நுழையும் எல்லோரும் அந்தக் கல்லூரியின் மாணவர்கள் அல்ல. ஏற்கெனவே எங்கோ ஒரு கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டு, பையில் பொது அறிவுப் புத்தகத்தோடு வருகிறவர்களும் உண்டு. தமிழ்நாடு அரசின் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் இங்கே நடக்கிறது. டி.என்.பி.எஸ்.சி., ரயில்வே, வங்கி, பணியாளர் தேர்வு ஆணையம் என்று பல தேர்வுகளுக்கும் ஆறு மாத காலம் கட்டணம் இல்லாமல் பயிற்சி கொடுக்கிறார்கள். நந்தனத்தில் 300 பேர், பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் 500 பேர் என்று சேர்க்கை நடக்கும். பயிற்சிக்குக் காசு இல்லை. ஆனால் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் அவரவர்தான் வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த வழி பெரும்பாலும் ஊரிலிருந்துதான் வருகிறது. கடலை விற்ற பணம், நெல் போட்ட பணம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை பால் சங்கத்தில் வாங்கும் பணம். அதே நந்தனத்தில், பசும்பொன் முத்துராமலிங்கனார் சாலையில் ஆவின் இல்லம் இருக்கிறது. ஊரில் அப்பா சங்கத்தில் ஊற்றுகிற பாலும், இங்கே மகன் தின்கிற சோறும் ஒரே கணக்கில் வந்து சேர்கின்றன என்பதைப் பல வீடுகள் எழுதிப் பார்ப்பதில்லை. எழுதிப் பார்க்காததால்தான் வீட்டில் சண்டையும் வருகிறது, மௌனமும் வருகிறது.

குறை பிள்ளையிடம் மட்டும் இல்லை

'படிச்சு முடிச்சும் சும்மா இருக்கான்' என்று பேசுவதற்கு முன் சில எண்களைப் பார்த்துவிடுவது நல்லது.

2024-ம் ஆண்டு குரூப்-4 தேர்வுக்கு அறிவிப்பு வந்தபோது காலி இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அதாவது, ஓர் இடத்துக்கு 320 பேருக்கும் அதிகம். 2025-ல் அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பங்கள் 13 லட்சத்தைத் தாண்டின. பின்னால் இடங்களைக் கூட்டினாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்கிற தேர்வு இது. அதில் பட்டதாரிகளும் முதுகலை முடித்தவர்களும் பொறியாளர்களும் சேர்ந்து உட்காருகிறார்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை இன்னொரு உண்மையைச் சொன்னது. 2022 நிலவரப்படி, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 சதவீதம். பட்டம் பெற்ற இளைஞர்களிடையே அது 29.1 சதவீதம். படிக்காதவர் கிடைத்த வேலைக்குப் போய்விடுகிறார், போகாமல் அவருக்கு முடியாது. படித்தவர் படிப்புக்கு ஏற்ற வேலைக்குக் காத்திருக்கிறார். காத்திருக்க வைப்பது வீட்டின் சோறு.

காத்திருப்பவர்களுக்கு அரசும் உதவித்தொகை தருகிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, பதிவைப் புதுப்பித்து, ஐந்து ஆண்டுகள் முடிந்தும் வேலை கிடைக்காத பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். மூன்று ஆண்டுகள் வரை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மூன்று ஆண்டும் முழுதாக வாங்கினால் மொத்தம் 21,600 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்கு விதி தளர்வானது. பதிவு செய்து ஓராண்டு ஆனாலே விண்ணப்பிக்கலாம். பட்டதாரிக்கு மாதம் 1,000 ரூபாய், பத்து ஆண்டுகள் வரை கிடைக்கும்.

ஆக, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு உண்மையான உதவித்தொகை கொடுப்பது அப்பாவும் அம்மாவும்தான். அரசு கொடுக்கிற 600 ரூபாய்க்குக்கூட நிபந்தனை உண்டு, கால வரம்பு உண்டு, பதிவேடு உண்டு. வீடு கொடுக்கும் பெரிய தொகைக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

ஒரு பசுவின் பால்

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். செய்யாறு பக்கம், இரண்டு ஏக்கர் நிலம், இரண்டு கறவை மாடு. மகன் பி.எஸ்சி., வேதியியல் முடித்திருக்கிறார். சென்னையில் தங்கித் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்கிறார். நான்கைந்து பேர் சேர்ந்து எடுக்கும் அறையில் பங்கு 4,000 ரூபாய், சாப்பாடு 4,500, பேருந்து, புத்தகம், கைபேசி 1,000. மாதம் 9,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஆவின் பசும்பால் கொள்முதல் விலை, ஊக்கத்தொகை 3 ரூபாயையும் சேர்த்து லிட்டருக்கு 38 ரூபாய் என்று கணக்கிட்டால், 9,500 ரூபாய்க்கு 250 லிட்டர் பால் வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு லிட்டருக்குச் சற்று அதிகம். ஒரு நல்ல கலப்பினப் பசுவின் ஒரு நாள் கறவை அப்படியே போய்விடுகிறது. தவிடு, புண்ணாக்கு, தீவனச் செலவை இன்னொரு மாடுதான் தாங்க வேண்டும். பால் வற்றும் மாதங்களில் நகை அடகுக்குப் போகும்.

ஆறு மாதத்துக்கு 57,000 ரூபாய். ஒன்றரை ஆண்டுக்கு 1,71,000 ரூபாய்.

இந்தக் கணக்கைப் பிள்ளைக்குச் சொல்லிக் காட்டுவதற்காகப் போடக் கூடாது. இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து போட வேண்டும். தன் படிப்பு ஒரு மாட்டின் பாலை எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்த பிள்ளைக்குப் பொறுப்பு வரும். பட்டதாரி மகனுக்கு எவ்வளவு செலவாகிறது என்று சரியாகத் தெரிந்த அப்பாவுக்கு வீண் கோபம் குறையும். பல வீடுகளில் உண்மைச் செலவை விட, 'எவ்வளவு கொட்டியாச்சு' என்ற நினைப்புதான் பெரிதாக இருக்கிறது.

கணக்குப் போட்டால் வேறு வழிகளும் தெரியும். எல்லா மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களிலும் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது. அங்கேயும் போட்டித் தேர்வுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். நூலக வசதியும் உண்டு. வீட்டிலிருந்து போய் வந்தால் பேருந்துச் செலவோடு முடியும். நந்தனத்தில் இடம் கிடைத்தால் போகலாம், நல்ல வாய்ப்புதான். இடம் கிடைக்காமல், வெறுமனே சென்னையில் அறை எடுத்து உட்காருவதற்கு மாதம் ஒரு மாட்டின் பால் தேவையா என்பதை யோசிக்க வேண்டும்.

கெடு வைப்பது வெறுப்பு அல்ல

நெல் விதைத்தவர் 120-ம் நாளிலோ 135-ம் நாளிலோ அறுப்பு என்று தெரிந்துதான் விதைக்கிறார். நாள் தெரிந்திருப்பதால்தான் உரம் எப்போது, தண்ணீர் எப்போது என்று திட்டம் போட முடிகிறது. பிள்ளையின் காத்திருப்புக்கும் இப்படி ஒரு நாள் குறிக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு விஷயங்களை எழுதினால் போதும்.

ஒன்று, எந்தத் தேர்வு, எத்தனை முறை. 'கவர்மென்ட் வேலை' என்று பொதுவாக எழுதக் கூடாது. குரூப்-4 இரண்டு முறை, அதோடு காவலர் தேர்வு ஒரு முறை என்பதுபோலத் தெளிவாக இருக்க வேண்டும். குரூப்-4 ஒரே எழுத்துத் தேர்வு. 200 கேள்விகள், அதில் 100 தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். கிராமத்துப் பிள்ளைக்கு இது சாதகமான தேர்வு. ஆனால், போட்டி கடுமையானது.

இரண்டு, மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில். கேட்டுக் கேட்டு வாங்குவது பிள்ளைக்கு அவமானம். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எடுத்துக் கொடுப்பது பெற்றவர்களுக்கு எரிச்சல். சிறு தொகையானாலும் ஒரே தேதியில் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் இரண்டும் இல்லை.

மூன்று, வீட்டில் இருந்தால் பிள்ளையின் பங்கு என்ன. இதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

நான்கு, மாற்று வழி. கெடு முடிந்தபின் என்ன செய்வது என்பதை முதல் நாளே எழுதிவிட வேண்டும். தோற்றபின் பேசினால் அது தண்டனையாகத் தெரியும். முன்பே பேசினால் அது திட்டம்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த நோட்டு இன்னும் அவசியம். மகன் நான்கு ஆண்டு படித்தாலும் பொறுத்துக்கொள்ளும் வீடு, மகள் ஒரு முறை தேர்வில் தவறியதும் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறது. மகனுக்கு எத்தனை முறையோ, மகளுக்கும் அத்தனை முறை என்று எழுதிவைத்துவிட்டால், இடையில் வரும் சொந்தக்காரர்களிடம் காட்ட ஒரு தாள் இருக்கும்.

வயலில் பங்கு: கூலியாகவோ, கணக்காகவோ

வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் இரண்டு வகையில் நடத்துகிறார்கள். 'நீ படி, வயல் பக்கம் வராதே' என்று ஒதுக்கிவைப்பது ஒன்று. 'சும்மாதானே இருக்கே' என்று தண்ணீர் கட்டவும், மருந்தடிக்கவும், மாடு பிடிக்கவும் எந்நேரமும் கூப்பிடுவது இன்னொன்று. முதலாவதில் பிள்ளைக்குத் தான் வீட்டுக்குச் சுமை என்ற எண்ணம் வளரும். இரண்டாவதில் படிப்பும் நடக்காது, சம்பளமும் இல்லை.

நாளில் இரண்டு அல்லது மூன்று மணி நேரம், காலையிலோ மாலையிலோ, நேரம் குறித்துக் கொடுங்கள். அந்த நேரத்துக்கு வெளியே கூப்பிடாதீர்கள். செய்த வேலைக்குக் கூலியோ பங்கோ கொடுங்கள்.

பங்கு என்றால் 25 சென்ட் வெண்டை நல்ல தொடக்கம். விதைத்து 45 நாளில் முதல் காய், 90 முதல் 100 நாளில் வேலை முடிந்துவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய் பறித்தாக வேண்டும் என்பதால் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. நன்றாகப் பராமரித்தால் ஒரு டன்னுக்குக் குறையாமல் எடுக்கலாம். கிலோ சராசரியாக 15 ரூபாய் கிடைப்பதாக வைத்தால் 15,000 ரூபாய் வரவு. விதை, உரம், பறிப்புக் கூலி 7,000 ரூபாய் என்றால் மிச்சம் 8,000. அதில் பாதி பிள்ளைக்கு. பெரிய பணம் இல்லை. ஆனால் தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும் தன் கையிலிருந்து போகும். விலை விழுந்தால் நட்டம் என்ன என்பதும் தெரிந்துவிடும். நட்டத்தையும் நோட்டில் எழுத வேண்டும்.

வேதியியல் படித்தவருக்கு மண் பரிசோதனை அட்டையைப் படிக்கத் தெரியும். வணிகவியல் படித்தவர் பால் சங்கச் சீட்டையும் கூட்டுறவுக் கடன் கணக்கையும் சரிபார்க்கலாம். கணினி தெரிந்தவர் பயிர்க் காப்பீட்டுப் பதிவு, மானியத்துக்கான உழவன் செயலிப் பதிவு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். படித்த படிப்பு வீட்டுக்குப் பயன்படுகிறது என்று பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும்.

சைதாப்பேட்டையில் தொடங்கியது

நந்தனத்துக்குப் பக்கத்தில்தான் சைதாப்பேட்டை. 1868-ல் அங்கேதான் வேளாண்மைப் பள்ளி தொடங்கப்பட்டது. 1906-ல் அது கோயம்புத்தூருக்குப் போய்க் கல்லூரியாக வளர்ந்தது. 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. விவசாயத்தையும் படித்துத்தான் செய்ய வேண்டும் என்று ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன் பாடம் தொடங்கிய இடத்துக்கு அருகில், இன்று விவசாய வீட்டுப் பிள்ளைகள் விவசாயத்திலிருந்து வெளியேறுவதற்காகப் படிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாதம் பிறந்தால் வரும் சம்பளத்தின் அருமை, மழையைப் பார்த்து வாழ்ந்த வீட்டுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆனாலும் நோட்டில் நான்காவதாக எழுதும் மாற்று வழியில், விவசாயம் சார்ந்த தொழிலுக்கும் ஓர் இடம் கொடுக்கலாம். அதற்கு இப்போது கதவுகள் இருக்கின்றன.

வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை போன்ற படிப்பு முடித்தவர்களுக்கு, 2002 முதல் மத்திய அரசின் வேளாண் மருந்தகம் மற்றும் வேளாண் வணிக மையத் திட்டம் உள்ளது. 45 நாள் இலவசப் பயிற்சி. தனிநபருக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு 36 சதவீத மானியம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 44 சதவீதம்.

எந்தப் பட்டதாரியானாலும், மாவட்டத் தொழில் மையத்தில் படித்த வேலையில்லா இளைஞர்களுக்கான திட்டம் இருக்கிறது. 25 சதவீத மானியம், அதிகபட்சம் 3.75 லட்சம் ரூபாய். நேரடிப் பயிர் சாகுபடிக்கு இது கிடையாது. தொழில், சேவை, வியாபாரத்துக்கு மட்டும்.

கடலை எண்ணெய்ச் செக்கு, சிறுதானிய மாவு, பால் பொருள் என்று உணவுத் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு, பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்.

மாவட்டம்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் சாப்பாடு, தங்குமிடத்தோடு பயிற்சி இலவசம். கடன் வாங்குவதற்கு முன் இந்தப் பயிற்சியை முடிப்பது நல்லது. மானியத்துக்காகத் தொழில் தொடங்கக் கூடாது. தொழில் தெரிந்தபின் மானியம் கேட்க வேண்டும்.

வார்த்தையிலும் அளவு வேண்டும்

உரத்துக்கு அளவு இருப்பதுபோல, பேச்சுக்கும் அளவு உண்டு. 'பக்கத்து வீட்டுப் பையன் சம்பாதிக்கிறான்', 'உன் வயசுல நான் ரெண்டு பிள்ளை பெத்துட்டேன்', 'படிக்க வெச்சதுக்கு ரெண்டு மாடு வாங்கியிருக்கலாம்' என்ற பேச்சுகளால் எந்தத் தேர்விலும் ஒரு மதிப்பெண் கூடாது. மாதம் ஒரு நாள், நோட்டை எடுத்துவைத்து, 'தம்பி, இந்த மாசம் எப்படிப் போச்சு, நான் என்ன செய்யணும்?' என்று கேளுங்கள். மற்ற 29 நாளும் அந்தப் பேச்சு வேண்டாம். கல்யாணம், காதுகுத்து வீட்டில் யாராவது 'வேலை கிடைச்சுதா?' என்று கேட்டால், பிள்ளையைப் பதில் சொல்லவிடாமல் பெற்றவர்களே, 'பரீட்சைக்குப் படிக்கிறாப்பல, பயிரையும் பாத்துக்கிறாப்பல' என்று சொல்லி முடித்துவிடலாம். அந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளை நீண்ட நாள் மறக்காது.

சில அறிகுறிகளை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தூக்கம் கெடுவது, சாப்பாட்டைத் தவிர்ப்பது, நண்பர்களிடம் பேச்சை நிறுத்துவது, 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்று சொல்வது, திடீரென்று குடிக்கத் தொடங்குவது ஆகியவை தெரிந்தால் திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள். 104 என்ற எண்ணிலும், 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவர் இருக்கிறார். எந்த வீடானாலும், பூச்சிமருந்தையும் களைக்கொல்லியையும் வீட்டுக்கு வெளியே ஒரு பெட்டியில் பூட்டி, சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொள்ள வேண்டும். தேவைக்கு மேல் வாங்கி வைக்கக் கூடாது. இது விவசாய வீட்டுக்கே உரிய கடமை.

அடிக்கடி எழும் கேள்விகள்

*மகன் பெயரில் நிலத்தை எழுதிவைத்தால் பி.எம். கிசான் பணம் அவனுக்கும் கிடைக்குமா?*
கிடைக்காது. 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு கைமாறிய நிலத்துக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. நில உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. மகனுக்குப் பொறுப்பு கொடுக்கப் பத்திரம் தேவையில்லை. 25 சென்ட்டும் கணக்கு நோட்டும் போதும்.

*வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு இனி எதற்கு?*
விட்டுவிடாதீர்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உதவித்தொகைக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்துக்கும் தனியார் வேலைவாய்ப்பு முகாம் தகவலுக்கும் அந்த அலுவலகத்தைத்தான் அணுக வேண்டும்.

*கெடு முடிந்தும் 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று கேட்டால்?*
விடைத்தாளைப் பாருங்கள். கடந்த முறையைவிட மதிப்பெண் நன்றாக ஏறியிருந்தால், ஒரு முறை நீட்டிக்கலாம். ஆனால் பகுதி நேரமாவது ஒரு வேலையோடு. மதிப்பெண் ஏறவில்லை என்றால், நோட்டில் எழுதிய நான்காவது வரியை இரண்டு பேரும் சேர்ந்து படிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அப்போதும் சாப்பாடும் படுக்கையும் வீட்டில் எப்போதும் உண்டு என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நிறுத்தப்போவது தேர்வுக்கான பணத்தை மட்டும்தான்.